மீனத்தில் சனி, டெங்கிலில் முப்பதை நெருங்கும் தலைமுறை

திருக்கணிதப்படி 1996 பிப்ரவரி நடுவில் மீன ராசிக்குள் வந்த சனி, 1998 ஏப்ரல் நடு வரை அங்கேயே இருந்தது. மலேசியாவின் சிப்பாங் வட்டாரத்தின் மண் புரட்டப்பட்டதும் அந்த ஆண்டுகளில்தான். பிராங் பெசார் தோட்டம் இருந்த நிலத்தில் புத்ராஜெயாவைக் கட்டும் வேலை 1995இல் தொடங்கியிருந்தது. பக்கத்தில் சைபர்ஜெயாவுக்கு நிலம் ஒதுக்கினார்கள். சிப்பாங்கில் பத்தாயிரம் ஹெக்டேரில் எழுந்த கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் 1998 ஜூனில் திறக்கப்பட்டது. இடையில், 1997 ஜூலையில் ஆசிய நிதி நெருக்கடி வந்து ரிங்கிட் சரிந்தது. பால் மரம் சீவியும் செம்பனைக் குலை அறுத்தும் பிழைத்த தமிழ்க் குடும்பங்கள் லயத்து வீடுகளைக் காலி செய்துவிட்டு டெங்கிலுக்கு, தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்கு வந்து சேர்ந்தன.

அந்த நேரத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது வயது. 2025 மார்ச் 29 முதல் சனி மறுபடி மீனத்தில் இருக்கிறது. வேலை நிலைக்கவில்லை, பேசிய கல்யாணம் நின்றுபோனது, வீட்டுக் கடன் கிடைக்கவில்லை என்று ஜாதகக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஜோதிடரைத் தேடி பிரிக்பீல்ட்ஸுக்கும் கிள்ளானுக்கும் போகிறவர்களில் இந்த வயதுக்காரர்கள் கணிசமானவர்கள். "நேரம் சரியில்லைம்மா, சனி முடியட்டும், பொறுத்துக்கோ" என்ற பதிலோடு திரும்புகிறார்கள். கைப்பேசியில் வரும் காணொளிகள் இன்னொன்றைச் சொல்கின்றன: இருபத்தொன்பது வயதில் பிறந்தகாலச் சனி தன் இடத்துக்கே திரும்பி வரும், யாராக இருந்தாலும் வாழ்க்கையைக் கலைத்துப் போடும் என்று. இரண்டிலும் சனி இருப்பதால் இரண்டும் ஒரே சாஸ்திரம் என்று நம் பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். அவை ஒன்றல்ல. அந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு போனால், இருபதுகளின் முடிவில் வரும் குலைவுக்கு வானத்தில் எவ்வளவு காரணம் கிடைக்கிறது, தரையில் எவ்வளவு கிடைக்கிறது என்பதை ஓரளவு அளந்துவிடலாம்.

சனி சூரியனை ஒருமுறை சுற்ற 29.46 ஆண்டுகள் ஆகும். ஒருவர் பிறந்தபோது எங்கே நின்றதோ அதே இடத்துக்கு அவருடைய இருபத்தொன்பது, முப்பது வயதில் வந்து சேரும். இதைச் 'சனித் திரும்பல்' என்று வைத்து, ஒருவர் முழு ஆளாகும் சோதனைக் காலமாகப் பேசுவது மேற்கத்திய ஜோதிடம், அதிலும் இருபதாம் நூற்றாண்டில் உளவியலோடு கைகோத்த ஜோதிடம். 1976இல் வந்த லிஸ் கிரீனின் சனி பற்றிய நூல் இந்தப் பார்வையைப் பரப்பியதில் முக்கியமானது. 2000இல் நோ டவுட் இசைக்குழு தன் ஆல்பம் ஒன்றுக்கே சனி திரும்புவதைப் பெயராக வைத்தது. அதன் பாடகி அப்போது முப்பதை எட்டியிருந்தார். இன்றைய காணொளிகள் எடுத்துப் பேசுவது இந்த மரபைத்தான்.

நம் ஊர் ஜோதிடர் இப்படிப் பார்ப்பதில்லை. கோசாரத்தில், அதாவது கிரகங்களின் இப்போதைய நகர்வைப் பார்ப்பதில், அவருக்கு அளவுகோல் சந்திரன். ஜன்ம ராசிக்குப் பன்னிரண்டில் சனி வந்தால் விரயச் சனி, ராசியிலேயே வந்தால் ஜன்மச் சனி, இரண்டில் வந்தால் பாதச் சனி. ஒவ்வொன்றும் இரண்டரை ஆண்டு. மூன்றும் சேர்ந்து ஏழரை. முதல் சுற்று மங்கு சனி, இரண்டாவது பொங்கு சனி, மூன்றாவது மரணச் சனி. சந்திரன் பன்னிரண்டு ராசிகளில் எதிலும் இருக்கலாம் என்பதால், ஏழரை தொடங்கும் வயதும் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்கு ஏழு வயதில், இன்னொருவருக்கு பதினெட்டில், மற்றொருவருக்கு இருபத்தாறில். சரியாக இருபத்தொன்பது முப்பதில் ஏழரைக்குள் நிற்பவர்கள் யார் என்று கணக்குப் போட்டால் விடை எளிது: பிறந்தபோதே ஏழரையில் பிறந்தவர்கள் மட்டும். சனி முழுச் சுற்று முடித்துப் பழைய இடத்துக்கு வரும்போது அவர்களுடைய ஏழரையும் கூடவே வருகிறது. அது நாலில் ஒருவர். மீனத்துச் சனியில் பிறந்த டெங்கில் பிள்ளைகளில் கும்பம், மீனம், மேஷம் ராசிக்காரர்கள். மற்ற ஒன்பது ராசிக்காரர்களுக்கு, சனி தன் பழைய இடத்துக்கு வந்திருந்தாலும், ஏழரை என்று சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் ஜோதிடர் அவர்களையும் வெறுங்கையோடு அனுப்ப வேண்டியதில்லை. நாலாமிடத்துச் சனி அர்த்தாஷ்டமச் சனி, ஏழாமிடம் கண்டகச் சனி, எட்டாமிடம் அஷ்டமச் சனி. இந்த மூன்றையும் ஏழரையோடு கூட்டுங்கள். மீனத்தில் சனி நிற்கும்போது கும்பம், மீனம், மேஷத்துக்கு ஏழரை; தனுசுக்கு அர்த்தாஷ்டமம்; கன்னிக்குக் கண்டகம்; சிம்மத்துக்கு அஷ்டமம். பன்னிரண்டில் ஆறு ராசிகள். சனி எந்த ராசிக்குப் போனாலும் இந்தக் கணக்கு மாறாது. உலகத்தில் பாதிப் பேர் எப்போதும் ஏதோ ஒரு சனியின் பிடியில் இருப்பார்கள். வேலை போன ஒருவர் ஜாதகத்தோடு வந்து உட்கார்ந்தால் அவருக்குச் சனி சரியில்லாமல் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. "சரியாகச் சொல்லிவிட்டார்" என்ற வியப்புக்கு இந்தப் பாதிக்குப் பாதி போதும்.

சனியில் சிக்காவிட்டால் தசை. இங்கேதான் நம் ஜோதிடத்தின் உண்மையான நுட்பம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன், அதனால் சற்று நின்று பார்க்கலாம். விம்சோத்தரி தசை மொத்தம் 120 ஆண்டுகள்: கேது 7, சுக்கிரன் 20, சூரியன் 6, சந்திரன் 10, செவ்வாய் 7, ராகு 18, குரு 16, சனி 19, புதன் 17. பிறந்த நட்சத்திரம் எந்தத் தசையில் தொடங்குவது என்று சொல்கிறது. அந்த நட்சத்திரத்தில் சந்திரன் எவ்வளவு தூரம் கடந்திருந்தது என்பது கர்ப்பச் செல் போக மீதி இருப்பைச் சொல்கிறது. தசை மாறும் வயது ஆளுக்கு ஆள் வேறுபடும். 27 வயதுக்கும் 31 வயதுக்கும் இடையில் மகாதசை மாறுவது எத்தனை பேருக்கு என்று ஒன்பது தொடக்கங்களுக்கும் தனித்தனியே போட்டுப் பார்த்தேன். எல்லா நட்சத்திரத்திலும் சமமாகப் பிள்ளைகள் பிறக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேருக்கு மாறுகிறது. அசுவினி, மகம், மூலத்தில் பிறந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த வயதில் சூரிய தசை முடிந்து சந்திர தசை பிறக்கும். கார்த்திகை, உத்திரம், உத்திராடத்தில் பிறந்தவர்களில் ஒருவருக்குக்கூட மாறாது. இருபத்துமூன்றிலிருந்து முப்பத்தைந்து வரை அவர்களுக்கு ராகு தசை ஒரே ஓட்டமாக ஓடும். மிருகசீரிடம், சித்திரை, அவிட்டத்துக்கும் அப்படியே, குரு தசை.

ஆகவே, இருபதுகளின் முடிவில் எல்லாருக்கும் வாழ்க்கை புரளும் என்று நம் சாஸ்திரம் சொல்லவில்லை. கார்த்திகையில் பிறந்தவருக்கும் மூலத்தில் பிறந்தவருக்கும் வேறு வேறு வயது என்றுதான் அது சொல்கிறது. இது சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்று. அப்படியிருக்க, டெங்கிலில் எந்த நட்சத்திரக்காரரும் ஏன் அதே வயதில்தான் திணறுகிறார் என்ற கேள்விக்குத் தசைக் கணக்கில் விடை கிடைக்காது. புத்தி, அந்தரம் என்று உட்பிரிவுக்குள் போனால் எப்போதும் ஏதாவது ஒன்று மாறிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரு காரணம் எப்போதும் கிடைக்கும். எப்போதும் கிடைக்கும் காரணத்தால் எதையும் பிரித்துச் சொல்ல முடியாது.

காலக் கணக்கிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மலேசியத் தமிழர்கள் இதில் தமிழ்நாட்டாரைவிடக் கூடுதலாகக் கவனமாக இருக்க வேண்டும். தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1இல் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியது. அதற்கு முன் கிரீன்விச்சுக்கு ஏழரை மணி, அதற்குப் பின் எட்டு மணி. இந்திய நேரத்துக்கும் நமக்கும் இப்போது இரண்டரை மணி வித்தியாசம். பிறப்புச் சான்றிதழில் உள்ள நேரத்தை, ஊரை மாற்றாமல் சென்னைக் கணக்கிலேயே ஒரு மென்பொருளில் இட்டால், சந்திரன் இரண்டரை மணி நேரம் கூடுதலாக நகர்ந்திருப்பதாகக் கணக்காகும். சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்கச் சுமார் ஒரு நாள் ஆகும். பரணியில் பிறந்தவருக்கு அந்த ஒரு நாள் சுக்கிர தசையின் இருபது ஆண்டு. இரண்டரை மணி நேரப் பிழை என்றால் ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஒரு மாதம். "இருபத்தொன்பதில் தசை மாறும்" என்று கேட்டுப் போனவருக்கு உண்மையில் முப்பத்தொன்றில் மாறும். லக்னமும் அரை ராசிக்கு மேல் நகர்ந்துவிடும். பெற்றோர் ஜாதகத்தை எடுக்கும்போது 1982க்கு முந்திய அரை மணியும் சேர்ந்துகொள்கிறது. ராகு காலத்துக்கும் இது பொருந்தும். திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது என்பது ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கும் ஊருக்குப் போட்ட அட்டவணை. சிலாங்கூரில் சூரியன் உதிக்கப் பெரும்பாலும் ஏழு மணியைத் தாண்டிவிடும்.

பஞ்சாங்கங்களும் ஒத்துப்போவதில்லை. திருக்கணிதத்தில் 2025 மார்ச் 29இல் மீனத்துக்குப் போன சனி, வாக்கியப் பஞ்சாங்கத்தில் 2026 மார்ச் 6இல்தான் போகிறது. திருநள்ளாறு கோயில் வாக்கியத்தைப் பின்பற்றுவதால், 2025இல் எழுந்த குழப்பத்தின்போது இங்கே இந்த ஆண்டு பெயர்ச்சி இல்லை என்று கோயில் நிர்வாகமே அறிவிக்க வேண்டியிருந்தது. முந்தைய பெயர்ச்சியிலும் இப்படித்தான்: திருக்கணிதத்துக்கு 2023 ஜனவரி 17, வாக்கியத்துக்கு 2023 டிசம்பர் 20. டெங்கிலில் இருக்கும் மேஷ ராசிப் பெண் ஒருத்திக்கு, எந்த ஜோதிடரிடம் போகிறாள் என்பதைப் பொறுத்து ஏழரை பதினொரு மாதம் முன்போ பின்போ தொடங்கும். அந்தப் பதினொரு மாதத்துக்குள் அவளுக்கு வேலை கிடைக்கலாம், கல்யாணம் நடக்கலாம், அப்பா இறக்கலாம். இரண்டு பஞ்சாங்கத்தையும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு தரப்பிலும் அனுபவம் ஒத்துப்போனதாகச் சொல்கிறார்கள்.

ஜாதகத்தைக் கொண்டு வாழ்க்கையைப் பிரித்தறிய முடியுமா என்று இந்தியாவில் நடந்த சோதனைகளில் எனக்கு நேர்மையாகப் பட்டது வானியலாளர் ஜயந்த் நார்லிகர் மகாராஷ்டிரத்தில் நடத்தியது. படிப்பில் சிறந்த நூறு பிள்ளைகளின் பிறப்பு விவரங்களையும் மனவளர்ச்சி குன்றிய நூறு பிள்ளைகளின் பிறப்பு விவரங்களையும் திரட்டி ஜாதகமாக்கினார்கள். ஆளுக்கு நாற்பது ஜாதகம் கொடுத்து, யார் எந்தக் குழு என்று பிரிக்கச் சொன்னார்கள். பங்கேற்க முன்வந்த 51 ஜோதிடர்களில் 27 பேர் விடை அனுப்பினார்கள். சரியாக இருந்தது சராசரியாக 46 விழுக்காடு. காசைச் சுண்டிவிட்டிருந்தாலும் ஐம்பது வந்திருக்கும். 2009இல் கரண்ட் சயின்ஸ் இதழில் அது வெளிவந்தது. மேற்கத்திய ராசிபலனை வைத்து நடந்த சோதனை என்று நம்மவர்கள் இதைத் தள்ள முடியாது. சந்திரனையும் லக்னத்தையும் வைத்துக் கணிக்கிறவர்களே விடை சொன்னார்கள்.

பிறகு ஏன் ஜோதிடர் சொன்னது அவ்வளவு பொருந்துகிறது? 1949இல் வெளியான ஆய்வு ஒன்றில் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் 39 மாணவர்களுக்கு அவரவர் குணத்தைப் பற்றிய குறிப்பு என்று சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார். எல்லாத் தாளிலும் ஒரே வாசகம். கடையில் வாங்கிய ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. தங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னபோது சராசரி நாலைத் தாண்டியது. 'உழைப்புக்கேற்ற பலன் கிடைக்கவில்லை, நெருங்கியவர்களே புரிந்துகொள்ளவில்லை, பணம் வந்த வழியே போகிறது' என்று கிள்ளானில் ஒருவர் சொல்லும்போது, சைபர்ஜெயாவின் அழைப்பு மையத்தில் இரவு வேலை பார்க்கும் இருபத்தொன்பது வயதுக்காரருக்கு அது அப்படியே பொருந்தும். அவர் மாமன் மகனுக்கும் பொருந்தும்.

இதைச் சொல்வதால் அந்த வயதின் திணறல் பொய் என்று ஆகாது. அது உண்மை, அதை வேறு பலரும் பார்த்திருக்கிறார்கள். 1978இல் டேனியல் லெவின்சன் அமெரிக்க ஆண்கள் நாற்பது பேரின் வாழ்க்கையை ஆராய்ந்து, 28க்கும் 33க்கும் இடையில் ஒரு மறுபரிசீலனைக் காலம் வருவதாக எழுதினார். இருபதுகளின் தொடக்கத்தில் அவசரமாக அமைத்த வாழ்க்கை போதுமா என்று மனிதன் கேட்டுப் பார்க்கும் காலம் அது. 2000இல் ஜெஃப்ரி ஆர்னெட், படிப்பும் நிலையற்ற வேலையும் நீண்டுபோன நாடுகளில் பதினெட்டுக்கும் இருபதுகளின் நடுப்பகுதிக்கும் இடையே தனியாக ஒரு பருவம் உருவாகிவிட்டது என்றார். அந்தப் பருவம் முடிகிற இடம்தான் நாம் பேசும் வயது. 29, 39, 49 என்று ஒன்பதில் முடியும் வயதுகளில் மனிதர்கள் வாழ்க்கையின் பொருளைக் கூடுதலாகத் தேடுகிறார்கள் என்று ஆடம் ஆல்டரும் ஹால் ஹெர்ஷ்ஃபீல்டும் 2014இல் எழுதினார்கள். பின்னர் அவர்களுடைய புள்ளியியல் கேள்விக்குள்ளானது. சூரியக் குடும்பத்தில் எந்தக் கிரகமும் பத்துப் பத்தாக எண்ணுவதில்லை என்பதையாவது அந்த விவாதம் நினைவூட்டுகிறது. முப்பது என்பது நாமே நட்டு வைத்த எல்லைக்கல்.

நம் ஊரில் அந்த எல்லைக்கல்லை நட்டவை என்னென்ன என்று பாருங்கள். உயர்கல்விக் கடன் தரும் பிடிபிடிஎன் 1997இல் உருவானது, அதாவது இந்தப் பிள்ளைகள் பிறந்த அதே ஆண்டுகளில். டிப்ளோமாவோ பட்டமோ முடித்து ஓராண்டில் கடனைத் திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும். இருபத்துமூன்று இருபத்துநாலில் தொடங்கும் தவணை இருபதுகள் முழுக்கக் கூடவே வருகிறது. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. அதில் 11 விழுக்காடு சேமநிதிக்குப் போய்விடும். வேலை இருப்பது புத்ராஜெயாவிலும் சைபர்ஜெயாவிலும் விமான நிலையத்திலும். மூன்றுமே டெங்கிலிலிருந்து பக்கம். ஆனால் மாற்று வேலை நேரத்துக்கு ஏற்ற பேருந்து கிடைக்காது, மோட்டார் சைக்கிளோ காரோ வேண்டும். அதற்கும் ஒரு தவணை. அப்பா அம்மாவுக்கு அறுபது நெருங்கி, தோட்டத்தில் தேய்ந்த முழங்காலும் முதுகும் மருத்துவமனை நாட்களைக் கேட்கின்றன. வீடு வாங்க வங்கிக்குப் போனால் கடன் வரலாறு குறுக்கே நிற்கிறது. இத்தனை தவணைகளும் ஒரே வயதில் வந்து முட்டுகின்றன. அந்த முட்டல் எந்த ராசிக்காரருக்கும் பொது. நட்சத்திரம் பார்க்காமல் ஒரு தலைமுறையே ஒரே வயதில் திணறுவதன் விளக்கம் இதில் கிடைக்கிறது.

கல்யாணத்தில் ஜாதகத்தின் கை இன்னும் நீளம். அந்தக் கை பெண்ணின் கழுத்தில்தான் கூடுதலாக அழுந்துகிறது என்பது எனக்குக் கோபம் தரும் விஷயம். செவ்வாய் 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் இருந்தால் தோஷம் என்பார்கள். லக்னத்திலிருந்து மட்டும் பார்த்தால் பன்னிரண்டில் ஐந்து. சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் பார்க்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் உண்டு. மூன்றும் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்து எண்ணினால், ஏதாவது ஒன்றிலாவது தோஷம் அமைய நூற்றுக்கு எண்பது வாய்ப்பு. நிவர்த்தி விதிகள் பல இருப்பதும் அதனால்தான். அவை இல்லாவிட்டால் யாருக்கும் கல்யாணமே நடக்காது. இந்தத் தோஷம் இருபத்தெட்டு வயதுக்கு மேல் தணிந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆகவே பெண்ணை அதுவரை நிறுத்தி வைக்கிறார்கள். இருபத்தெட்டு தாண்டியதும் அதே உறவுகள் "வயசு போச்சே" என்கின்றன. அவளுடைய இருபதுகளின் முடிவை நெருக்கடியாக ஆக்கியது செவ்வாய் அல்ல, இந்த இரண்டு பேச்சும்தான்.

மலேசியச் சட்டம் இதற்குள் இன்னொரு முடிச்சையும் போடுகிறது. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1இல் நடைமுறைக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதவர்கள் தங்கள் திருமணத்தைச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். வீட்டுக் கடனுக்காகவோ வேறு காரணத்துக்காகவோ இளையவர்கள் முதலில் பதிவு செய்துகொள்கிறார்கள். தாலி கட்ட நாள் பார்க்கும்போது "பையனுக்கு ஜன்மச் சனி, கொஞ்சம் தள்ளிப் போடலாம்" என்று வருகிறது. ஊர்ப் பார்வையில் அவர்கள் இன்னும் நிச்சயமானவர்கள். சட்டத்தின் பார்வையில் கணவன் மனைவி. இந்த இடைவெளியில் உறவு முறிந்தால், பதிவு செய்து இரண்டு ஆண்டு ஆகும் முன் மணவிலக்கு மனு போட, விதிவிலக்கான சூழ்நிலை அல்லது துன்பம் என்று நிரூபித்தால் ஒழிய, வழியில்லை. சனிக்காக ஒத்திவைக்கச் சொல்கிறவர்கள் இதையும் அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டும். பதிவையும் தாலியையும் அடுத்தடுத்த நாட்களில் வைத்துக்கொள்ளும்படி சொன்னால் அது இன்னும் பெரிய உதவி.

நம்பிக்கை மெய்யோ பொய்யோ, அதன் விளைவு மெய். ஜப்பானில் நெருப்புக் குதிரை ஆண்டில் பிறக்கும் பெண் கணவனை விழுங்குவாள் என்றொரு நம்பிக்கை. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்த ஆண்டு 1966இல் வந்தபோது, நாட்டின் பிறப்பு எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிடக் கால்வாசி குறைந்தது. மறு ஆண்டே ஏறிவிட்டது. வானத்தில் எதுவும் நடக்கவில்லை, ஆனால் லட்சக்கணக்கான பிள்ளைகள் அந்த ஆண்டில் பிறக்கவில்லை. அடுத்த நெருப்புக் குதிரை ஆண்டு 2026. நம்மிடையே சனியும் செவ்வாயும் தள்ளிப்போடும் திருமணங்களை யாராவது பதிவேடுகளைக் கொண்டு எண்ணினால் அதற்குச் சமமான ஒரு வரைபடம் கிடைக்கலாம். அந்த ஆய்வு நம் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளும் இந்திய ஆய்வியல் துறைகளும் செய்யத் தகுந்தது.

ஜோதிடரிடம் போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஐம்பது வெள்ளிக்கு அரை மணி நேரம், தன் மொழியில், தன் அப்பா பெயரையும் குலதெய்வத்தையும் கேட்டுவிட்டு ஒருவர் உட்கார்ந்து பேசுகிறார். "உன் தப்பு இல்லைம்மா" என்கிறார். இதற்கு ஒரு முடிவு தேதி உண்டு என்கிறார். சனிக்கிழமை நவக்கிரகத்துக்கு எள் தீபம் போடு, ஊனமுற்றவர்களுக்குச் சோறு போடு என்று செய்ய ஒரு வேலையும் தருகிறார். துக்கத்தில் இருக்கிறவருக்கு இந்த மூன்றும் பெரிய ஆறுதல். தமிழில் உளவியல் ஆலோசனை கிடைப்பது கிள்ளான் பள்ளத்தாக்கில்கூட அரிது. ஆனாலும் மனத்துயரைக் காதுகொடுத்துக் கேட்க, 1970இலிருந்து இயங்கும் பிஃபிரெண்டர்ஸ் அமைப்பு இருக்கிறது. கடனில் மூழ்கியவர்களுக்கு இலவசமாக ஆலோசனை தர பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏகேபிகே இருக்கிறது. இவற்றின் பெயரே தெரியாத வீடுகளில் ஜோதிடர் பெயர் தெரியும். நல்ல ஜோதிடர் ஒருவர், வந்தவரின் கடன் கணக்கைக் கேட்டுவிட்டு ஏகேபிகேவுக்கு அனுப்பினால், அவர் சொன்ன பரிகாரங்களில் அதுதான் பலிக்கும்.

என் மனக்குறை வேறு. "உன் தப்பு இல்லை" என்ற ஆறுதலுக்கு அடுத்த வாக்கியமாக "உன் நேரம்" என்று வருகிறது. யாருடைய தப்பு என்ற கேள்வி அங்கேயே நின்றுவிடுகிறது. டெங்கிலில் அந்தக் கேள்வி நிற்கக் கூடாது.

பிராங் பெசார் தோட்டத்தை 1921இல் திறந்தவர்கள் முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் படைவீரர்கள். ரப்பர் ஆராய்ச்சியில் அது உலகப் பெயர் பெற்றது. அங்கே உருவான பிபி 86 ரகக் கன்றுகள் இலங்கையிலும் கேரளத்திலும் பரவலாக நடப்பட்டன. அந்த மரங்களில் பால் எடுத்த குடும்பங்களுக்கு வீடு என்பது வேலையோடு ஒட்டியது. வேலை போனால் லயமும் போகும். தோட்டத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்திருந்தாலும் ஒரு துண்டு நிலம் அவர்கள் பேரில் இல்லை. நிலம் கைமாறியபோது அவர்களுக்கு வந்தது இழப்பீட்டுத் தொகையும், அடுக்குமாடி வீடும், தரை வீடு பற்றிய வாக்குறுதியும். அடுக்குமாடிச் சுவர்களில் விரிசல் கண்டதும், தரை வீடு கேட்டு மக்கள் மனுவோடு அலைந்ததும் நாளிதழ்கள் பலமுறை எழுதிய செய்திகள்.

ஜோதிடத்தை நம்புகிறவர் ஒருவர் இங்கே என்னை மடக்கலாம். சனி அதற்கு முந்தி மீனத்தில் இருந்தது 1966–68இல். அந்த ஆண்டுகளில் லயத்தில் பிறந்தவர்களுக்கு 1996–98இல் வயது இருபத்தொன்பது, முப்பது. சனி திரும்பியது, தோட்டம் கலைந்தது. அவர்கள் பிள்ளைகள் அப்போது பிறந்தார்கள். இப்போது அந்தப் பிள்ளைகளுக்குச் சனி திரும்பியிருக்கிறது, வாழ்க்கை தள்ளாடுகிறது. இரண்டு தலைமுறைக்கும் பலித்துவிட்டதே என்று அவர் கேட்பார். அழகான பொருத்தம்தான். இந்தக் கட்டுரைக்காகத் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது நானே சில நிமிடம் அசந்துபோனேன்.

ஆனால் காலி செய்யச் சொன்ன அறிவிப்பு முப்பது வயதுக்காரர்களுக்கு மட்டும் வரவில்லை. பன்னிரண்டு ராசிக்கும் இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் அது வந்தது. ராகு தசையில் இருந்த கார்த்திகைக்காரருக்கும், சுக்கிர தசையின் உச்சத்தில் இருந்தவருக்கும், ஒன்பது வயதுப் பள்ளிப் பிள்ளைக்கும், அறுபது வயதுப் பாட்டிக்கும் ஒரே லயம்தான் போனது. குரு பலம் இருந்தவருக்கு வீடு தப்பவில்லை. முப்பது வயதில் இருந்தவர்கள் அதைத் தங்கள் வாழ்க்கையின் பெரிய முறிவாக நினைவில் வைத்திருக்கிறார்கள் என்றால், கையில் குழந்தையும் தோளில் பெற்றோருமாக லாரியில் ஏறிய வயது அது என்பதால்தான். ஒன்பது வயதில் ஏறியவருக்கு அது பழைய பள்ளிக்கூடத்தை விட்டு வந்த நாள். அறுபதில் ஏறியவருக்கு, புருஷனை எரித்த சுடுகாடும் கும்பிட்ட முனியாண்டி மேடையும் கைவிட்டுப்போன நாள். அரசாணையும் நிலப் பட்டாவும் ஒப்பந்தமும் கையெழுத்தான தேதிகள் எல்லாம் கோப்புகளில் இருக்கின்றன. அவற்றைப் படிக்கப் பஞ்சாங்கம் தேவையில்லை.

இன்று அந்த அடுக்குமாடியிலிருந்து ஜாதகத்தோடு கிளம்பும் இருபத்தொன்பது வயதுப் பெண் கேட்க வேண்டிய கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை தெரிந்தவர்கள் சிப்பாங் நில அலுவலகத்திலும் சேமநிதி வாரியத்திலும் வங்கியிலும் இருக்கிறார்கள். அப்பா பெயரில் உள்ள வீட்டுக்கு உரிமைப் பத்திரம் வந்துவிட்டதா, தோட்ட நிர்வாகம் சேமநிதி முழுவதையும் கட்டியதா, பிடிபிடிஎன் பாக்கியை மறுசீரமைக்க முடியுமா, தரை வீட்டுப் பட்டியலில் குடும்பத்தின் பெயர் இருக்கிறதா. சனி 2028 பிப்ரவரி வரை மீனத்துக்கும் மேஷத்துக்குமாகப் போய்வரும். இந்த நாலு கேள்வியையும் அதற்கு முன்பே, எந்த ஓரையிலும் கேட்கலாம்.